புல்தரை கருகியது ஏன்?

நமது இல்லத்தின் முன்புறத்தில் ஏறத்தாழ ஒரு சென்ட் பரப்பில் சிறியதொரு புல்தரை உண்டு. அதன் ஓரத்தில் லூர்து அன்னையின் கெபி அமைந்துள்ளது. அக்டோபர்த் திங்கள் வந்துவிட்டால் அக்கம்பக்கத்துக் குடும்பத்தார் மாலை வேளையில் அங்கே கூடுவர். அருகம்புல்லின்மீது முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவர். இது பல்லாண்டு வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் பிற்பகுதியில், அப்புல்தரை மூன்று இடங்களில் கருகிக் கிடக்கக் கண்டோம். வாயிற்கதவருகே சாப்பாட்டுத் தட்டின் அளவில் நான்கைந்து வட்டங்கள். வேப்பமரத்தின் பக்கம் பாய் விரித்தாற்போல் ஒரு பரப்பு. கெபியின் நேர்முன்னே நீளவாக்கில் ஒரு திட்டு. செபமாலை மாதம் தொடங்கப் பத்து நாள்களே இருந்தன. நமக்கு உண்டான கலக்கம் சொல்லுந்தரமன்று.

காரணம் யாது என ஆராய்வதற்கு முன்பே, காரணமானவர் யார் என்று தேடத் தலைப்பட்டோம். அண்டை வீட்டு நாயே என்றனர் பிள்ளைகள். கண்ணேறு என்றார் இல்லத்தில் இருந்த மூதாட்டியார். நமது மனமோ தோட்டக்காரப் பெரியவர்மீது சென்றது. வாரம் இருமுறை வந்து வேலை செய்யும் அவர், அம்மாதத் தொடக்கத்தில்தான் யூரியா தூவியிருந்தார். "உரத்தை அள்ளிக் கொட்டிப் புல்லைக் கருக்கிவிட்டீர்; இனி வரவேண்டாம்" என்று கூறிவிட்டோம். பெரியவர் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவிச் சுவரோரம் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிறன்று பூசை முடிந்தபின், நமது பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "நோயாளியைப் பார்க்குமுன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டீர்களே!" என்று சிரித்தவர், மாலையில் வீட்டிற்கு வந்தார். அவர் கேட்ட கருவிகள் இரண்டே: நீண்ட இரும்புக் கம்பி ஒன்று, களைக்கொத்தி ஒன்று.

விளிம்பைப் பாருங்கள்

"இறந்த புல் ஒன்றும் சொல்லாது, இறந்த இடத்திற்கும் உயிருள்ள இடத்திற்கும் இடையே உள்ள விளிம்புதான் பேசும்" என்றார் அவர். வாயிற்கதவருகே இருந்த வட்டங்களைக் குனிந்து பார்த்தோம். நடுவில் வைக்கோல் நிறம். சுற்றிலும் மற்றப் புல்லைவிடக் கரும்பச்சையாக, செழித்த ஒரு வளையம். நாயின் சிறுநீரின் அடையாளம் அது. அதில் தழைச்சத்தும் உப்பும் மிகுதி. நடுவில் அளவு மிஞ்சிப் புல்லைக் கருக்குகிறது. ஓரத்தில் நீர்த்துப்போய் எருவாகிறது. அப்படியானால் அண்டை வீட்டு நாய்தானா? இரவில் நமது வாயிற்கதவு பூட்டப்படுகிறது. உள்ளே உலவுவது நாம் வளர்க்கும் நாய் ஒன்றே!

உடனுக்குடன் ஒரு வாளி நீரை அவ்விடத்தில் ஊற்றினால் பெரும்பாலும் புல் தப்பிவிடும் என்று அலுவலர் கூறினார்.

இழுத்துப் பாருங்கள்

அடுத்து வேப்பமரத்தின் பக்கம் சென்றோம். காய்ந்த புல்லைக் கைநிறையப் பற்றி இழுக்கச் சொன்னார். நாம் பலங்கொண்டு இழுக்க முனைய, அதுவோ பாயைச் சுருட்டுவதுபோல் எளிதாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. ஓர் அடிச் சதுரத்தில் மண்ணைக் கிளறியபோது, பழுப்புத் தலையும் வெண்ணிற உடலும் கொண்டு, பிறைபோல் வளைந்து கிடந்த புழுக்கள் ஒன்பது அகப்பட்டன. இவையே வேரைத் தின்னும் வெள்ளைப்புழுக்கள். இரண்டு வாரமாக அவ்விடத்தை மைனாக்களும் காக்கைகளும் கொத்திக் கொண்டிருந்ததை நாம் கண்டோம். ஏன் என்று கேட்கவில்லை.

இப்புழுக்களின் தாய் ஒருவகை வண்டு. கோடைமழை பெய்தபின் அந்திப்பொழுதில் மண்ணைவிட்டுக் கிளம்பி, வேம்பு முதலான மரங்களின் தழையைத் தின்று, மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். ஆகவே, புழுக்களைக் கிளறி எடுத்துப் பறவைகளுக்கு விடுவதோடு, கோடைமழைக்குப் பின் வரும் இரவுகளில் மரக்கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளைச் சேகரித்து அழித்துவிட்டால், அடுத்த ஆண்டின் சேதம் பெரிதும் குறையும். ஓரிரு புழுக்கள் மட்டுமே இருப்பின் அஞ்சவேண்டியதில்லை. செழிப்பான புல் அதைத் தாங்கிக்கொள்ளும்.

குத்திப் பாருங்கள்

கெபியின் முன்னிருந்த திட்டில் பச்சை வளையம் இல்லை. இழுத்தால் புல்லும் பெயரவில்லை. இரும்புக் கம்பியை நல்ல புல் இருந்த இடத்தில் ஊன்றினோம். முக்கால் அடி இறங்கியது. கருகிய இடத்தில் ஊன்றினோம். இரண்டு அங்குலத்திலேயே 'ணங்' என்று ஒலித்து நின்றது. தோண்டியபோது செங்கல் துண்டுகளும் இறுகிப்போன சிமெண்டுச் சாந்தும் வெளிப்பட்டன. மேலே இருந்தது இரண்டங்குல மண். அது எத்தனை நாளுக்கு ஈரத்தைத் தாங்கும்? மழை உள்ளவரை பசுமை காட்டிய புல், சில வாரம் மழை பொய்த்ததும் கருகிவிட்டது. கோடைதோறும் அதே இடம் வாடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்படியானால் யூரியா?" என்றோம். அலுவலர் விளக்கினார்: யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு, அளவு மிஞ்சினாலும், தூவியபின் நீர் பாய்ச்சாவிட்டாலும் கருக்கவே செய்யும். ஆனால் அந்தக் கருகல் சில நாள்களிலேயே தோன்றும். கை வீசிய வாக்கில் கோடுகோடாகவோ, உரம் குவிந்து விழுந்த இடத்திலோ தெரியும். இங்கே மூன்று இடத்திலும் அத்தகைய தடம் இல்லை. பெரியவர் குற்றமற்றவர்.

வாசகர்கள் அறியவேண்டிய காரணங்கள் இன்னும் சில உள. அதிகாலைப் பனியில், காயும் திட்டின்மீது சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தென்படின் அது பூஞ்சண நோயாக இருக்கலாம். மாலையில் நீர் தெளிப்பதை நிறுத்திக் காலையில் பாய்ச்சுதல் நலம். தெளிப்பான் கொண்டு நீர் விடுவோர், ஒரே அளவான தகரக் குவளைகளைப் புல்தரையில் ஆங்காங்கே வைத்துப் பார்த்தால், எங்கே நீர் குறைகிறது என்பது விளங்கும். அருகம்புல் வெயிலை விரும்புவது; அடர்ந்த நிழலில் அது மெலிந்துபோவதை எந்த உரமும் தடுக்காது.

பகைவன் யார்?

அன்றிரவே பெரியவரின் வீட்டிற்குச் சென்றோம். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். நின்றுபோன நாள்களின் கூலியையும் கொடுத்தோம். செங்கல் துண்டுகளைப்பற்றிக் கூறியதும் அவர் தலையசைத்தார். "கெபி கட்டினபோது கொத்தனார்கள் மிச்சத்தை அங்கேதான் புதைத்தார்கள், ஐயா. அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார்.

அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்திருக்கிறது. விடை நம் முற்றத்திலேயே நின்றது. நாம்தான் அதனிடம் கேள்வி கேட்காமல், அதைத் தண்டித்து வெளியே அனுப்பினோம்.

கோதுமை வயலில் இரவோடிரவாகக் களைகளை விதைத்துச் சென்ற பகைவனைப்பற்றி மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கே பகைவன் உண்மையாகவே இருந்தான். எனினும், கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படுமே என்று தலைவர் அவசரத்தைத் தடுத்தார். நமது வீட்டிலோ பகைவனே இல்லை. அவசரம் மட்டும் இருந்தது. நாய் நம்முடையது, வண்டுகள் வந்த வேம்பு நாம் நட்டது, புதைந்த கற்கள் நாம் கட்டியதன் மிச்சம்.

குடும்ப வாழ்விலும் இத்தகைய கருகிய திட்டுகள் தோன்றுவதுண்டு. திடீரெனப் பாடத்தில் பின்தங்கும் மகன், பேச்சைக் குறைத்துக்கொண்ட மருமகள், ஆலயத்திற்கு வராமற்போன அண்ணன். 'யாரால்?' என்று கேட்பது எளிது, 'ஏன்?' என்று கேட்கக் குனியவேண்டும், தோண்டவேண்டும், சம்பந்தப்பட்டவரையே அழைத்து அமரச் செய்து கேட்கவேண்டும்.

பெரியவர் மறுநாளே வந்தார். கற்களை அகற்றி, முக்கால் அடி ஆழத்திற்கு நல்ல மண்ணும் மட்கிய தொழுவுரமும் நிரப்பி, அருகங்கொடிகளை நட்டார். அவ்வாண்டு அக்டோபரில் அவ்விடம் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. பாய் விரித்துச் செபமாலை சொன்னோம். முதல்நாள் பெரியவரும் வந்து நம் பக்கத்தில் முழந்தாளிட்டார். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குள் புல் மூடிக்கொண்டது.