மூழ்கிய கப்பல் பக்கத்துல நங்கூரம்... எங்கே போடணும், எங்கே போடக் கூடாது?

திருவண்ணாமலையில் இருந்து புதுச்சேரி கடல் சுமார் 100 கிலோமீட்டர்தான். வீக் எண்டில் அங்கே போய் ஸ்கூபா டைவிங் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, மூழ்கிய கப்பலை நேரில் பார்ப்பது. அதற்கு ஏற்ற ஓர் இடம் இலங்கையின் பாசிக்குடா கடலில் இருக்கிறது. கப்பலின் பெயர் பிரிட்டிஷ் சார்ஜென்ட்.

என்ன கப்பல் இது?

1942 ஏப்ரல் 9 அன்று, மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் பிரிட்டனின் விமானம் தாங்கிக் கப்பலான ஹெர்மீஸை மூழ்கடித்தன. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நாளில் தாக்கப்பட்டு மூழ்கிய எண்ணெய்க் கப்பல்தான் பிரிட்டிஷ் சார்ஜென்ட்.

ஹெர்மீஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் வரம்பு 40 மீட்டர். பிரிட்டிஷ் சார்ஜென்ட் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் எட்டிவிடலாம். ஆனால், அடிப்படைக் கோர்ஸின் வரம்பு 18 மீட்டர்தான் என்பதால் அடுத்த கட்டப் பயிற்சி அவசியம்.

கப்பல் மேலேயே நங்கூரத்தை மாட்டினால் என்ன?

ஈஸியாகத் தெரியும். ஆனால் ஆபத்து மூன்று பேருக்கு.

முதலில் படகுக்கு. 80 வருடத்துக்கும் மேல் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்த தகடு, அலை இழுக்கும் இழுப்பில் பிய்ந்து வரலாம்; படகு தானாக மிதந்து போய்விடும். இல்லையென்றால் நங்கூரம் வசமாகச் சிக்கி, எடுக்கவே வராது.

அடுத்து, கீழே நீந்துபவருக்கு. ஆடும் சங்கிலியும் பெயரும் தகடும் அவர் தலைக்கு மேலேதான் இருக்கும்.

மூன்றாவது, கப்பலுக்கு. கடலடிப் பாரம்பரியத்துக்கான 2001 யுனெஸ்கோ உடன்படிக்கை, குறைந்தது 100 ஆண்டு நீருக்குள் இருந்தவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. 1942-ல் மூழ்கிய கப்பல் 2042-ல்தான் அந்த வரையறைக்குள் வரும். அதுவரை அது உடையாமல் இருப்பது பெரும்பாலும் படகோட்டி கையில்தான்.

அப்போ எங்கே போடணும்?

பக்கத்தில் உள்ள மணலில். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் வைத்துக் கப்பலின் இடத்தை உறுதி செய்துவிட்டு, காற்றும் நீரோட்டமும் வரும் திசையில் அதைத் தாண்டிப் போய் நங்கூரத்தை இறக்க வேண்டும். கயிறு விட விடப் படகு பின்வாங்கிக் கப்பலுக்கு அருகே வந்து நிற்கும்.

கயிறு எவ்வளவு? பொதுவான கணக்கு, ஆழத்தைப் போல 5 மடங்கு. 24 மீட்டருக்கு 120 மீட்டர். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கயிறு குறைந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய், நங்கூரம் மணலில் இருந்து பிடுங்கிக்கொள்ளும். நீளமாக விட்டால் இழுப்பு படுக்கைவாட்டில் இருக்கும், பிடி இறுகும். அடியில் கொஞ்சம் சங்கிலி சேர்த்தால் இன்னும் நல்லது.

பிடித்துவிட்டதா என்று பார்க்க மீனவர்களின் பழைய டெக்னிக் உண்டு. கரையில் ஒரே நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்வது. கோடு விலகிக்கொண்டே போனால் நங்கூரம் நழுவுகிறது.

இதைவிட பெஸ்ட், கப்பலுக்கு அருகே நிரந்தர எடையில் கட்டி விட்டிருக்கும் மிதவை. அது இருக்கும் இடத்தில் படகை அதில் கட்டினால் போதும், நங்கூரமே தேவையில்லை.

படகில் ஏறும் முன் கேட்க வேண்டியவை

* நங்கூரம் மணலிலா, மிதவையிலா?
* எல்லோரும் இறங்கிய பிறகும் படகு ஓட்டத் தெரிந்த ஒருவர் மேலே இருப்பாரா?
* டைவர்கள் கீழே இருப்பதைச் சொல்லும் வெள்ளை-நீலக் கொடி ஏற்றுவீர்களா?
* யாராவது நீரோட்டத்தில் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்குச் சரியான பதில்: நங்கூரக் கயிற்றின் நுனியில் மிதவையைக் கட்டிக் கடலில் விட்டுவிட்டு, உடனே ஆளைத் தூக்கப் போவது. நங்கூரத்தை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். 120 மீட்டர் கயிற்றை இழுத்து முடிக்கும் வரை நீரோட்டம் காத்திருக்காது.