'பேந்து பாப்பம்': முன்னுரிமையும் பிற்போடலும்

யாழ்ப்பாணத்தில் 'பேந்து பாப்பம்' என்போம். இங்கே ஃபர்வானியாவில் எல்லாத் தேசத்தவருக்கும் பொதுவான சொல் 'புக்ரா', நாளைக்கு. இரண்டும் ஒரு வேலையை இப்போது செய்யாது விடுவதற்கான சொற்கள். ஆனால் செய்யாது விடுதல் எல்லாம் ஒரே வகையானதல்ல. ஒன்றைச் செய்து முடிப்பதற்காக இன்னொன்றைப் பின்னுக்கு வைப்பது முன்னுரிமை. ஒரு சங்கடத்தைத் தொடாதிருப்பதற்காக அதைப் பின்னுக்கு வைப்பது பிற்போடல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன என்பதுதான் சிக்கல். செய்பவருக்கே பல வேளைகளில் வேறுபாடு தெரிவதில்லை.

இதை விளக்குவதற்கு விரிவுரை மண்டபத்தைவிட நான் இப்போது வேலைசெய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலை வசதியானது. வாளி, பேசின், மூடி வார்க்கும் மெசின்கள். கறுப்பு வாளிக்கு ஓடர் திங்கட்கிழமையே வந்திருக்கும். வெள்ளைப் பேசினுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வந்திருக்கும். ஆனாலும் முதலில் ஓடுவது வெள்ளை. பிறகு மஞ்சள், சிவப்பு, கடைசியாகக் கறுப்பு. வெள்ளைக்குப் பின் கறுப்பை ஓட்டலாம். கறுப்புக்குப் பின் வெள்ளையை ஓட்டுவதென்றால், சூடான குழலுக்குள் ஒட்டியிருக்கும் நிறம் முற்றாக வெளியேறும்வரை பிளாஸ்ரிக்கை உருக்கி உருக்கி வீசவேண்டும். ஆகவே முதலில் வந்த கறுப்பு கடைசியில் நிற்கிறது. யாரும் அதைத் தாமதம் என்பதில்லை. பலகையில் 'வியாழன், இரவு ஷிப்ற்' என்று அதற்கு ஓரிடம் உண்டு. வாளி கேட்டவருக்கும் சொல்லியாயிற்று.

அதே மெசினின் எண்ணெய்க் குழாயில் ஒரு கசிவு. கீழே தகரப் பேணி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓடர் முடியட்டும் என்கிறார்கள். முடிந்ததும் அடுத்த ஓடர் வந்துவிடுகிறது. கசிவுக்குப் பலகையில் இடமில்லை. பேணி நிரம்ப நிரம்ப நாங்கள் ஊற்றுகிறோம், அதுவும் மிக ஒழுங்காக. பிற்போடுபவர் சோம்பேறி என்ற எம்மவர் கருத்து எவ்வளவு தவறானது என்பதற்கு இந்தப் பேணியே போதும். பிற்போடல் பெரும்பாலும் ஓயாது வேலைசெய்துகொண்டே நடக்கிறது.

கனடிய உளவியலாளர் பியர்ஸ் ஸ்ரீல் 2007இல் தந்த வரையறையின் சாரம் இது: செய்வதென்று எண்ணியதை, தள்ளினால் நட்டம் தனக்கே என்று தெரிந்தும், ஒருவர் தானாகத் தள்ளுவது. வள்ளுவரும் தாமதத்தை முற்றாக விலக்கவில்லை. வினைசெயல்வகை அதிகாரத்தில் ஆறுதலாகச் செய்யக்கூடிய வேலைகளும் உண்டென்று ஒப்புக்கொள்கிறார். மடியின்மையில் காலத்தை இழுத்தடிப்பதைக் கெடுதலின் பட்டியலில் வைக்கிறார்.

ஃபர்வானியா மாகாணத்தில் 2020 ஏப்ரலில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணமுடிந்தது. 1951 அகதிகள் சாசனத்தில் குவைத் ஒப்பமிடவில்லை. ஐரோப்பாவில் நண்பர்களுக்கு அகதி அட்டை என்றால் இங்கே எமக்கு இக்காமா மட்டும்தான். இக்காமா இல்லாதோருக்கு அந்த மாதம் பொதுமன்னிப்பு: தண்டப்பணம் இல்லை, விமான ரிக்கற் அரசின் செலவு, பின்னர் புது விசாவில் திரும்பியும் வரலாம். இலங்கையருக்கு 21 முதல் 25 வரை ஒதுக்கியிருந்தார்கள். கொரோனாவால் ஜிலீப் அல் ஷுயூக் 6ஆம் திகதியிலிருந்தே அடைக்கப்பட்டிருந்தது. எனக்குத் தெரிந்த இருவர் பதியப் போகவில்லை. ஒருவர், ஊரில் வீட்டுக்கடன் டிசம்பரில் முடியும், அதுவரை நாளுக்கு இரண்டு தினார் தண்டம் ஏறட்டும் என்று கணக்குப் பார்த்தே நின்றார்; டிசம்பரில் கட்டிவிட்டுப் போனார். மற்றவர் 'அடுத்த மன்னிப்பு வரும்தானே' என்றார். வந்ததுதான், 2024 மார்ச்சில். அந்த நான்கு வருடமும் பொலிஸ் வாகனத்தைக் கண்டால் ஒழுங்கை மாறி நடந்தார். போகாமல் விட்டது இருவரும்தான். முதலாமவரை நான் குறைசொல்லமாட்டேன்.

சமூகம் என்று வரும்போது ஸ்ரீலின் வரையறைக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அங்கே தள்ளுபவர் ஒருவர், நட்டப்படுபவர் வேறொருவர். இலங்கையின் 1956 அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த 1960 டிசம்பர் 31 என்று திகதி குறித்தது. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல் நிறைவேறியது. அதற்கான ஒழுங்குவிதிகள் வந்ததோ 1966 ஜனவரியில். ஒன்றுக்குத் திகதி இருந்தது, மற்றதற்கு 'பின்னர்' இருந்தது. இதை நாம் இழுத்தடிப்பு என்று சரியாகவே பெயரிட்டோம்.

ஆனால் அதே காலத்தில் எமது பலகையில் எது எழுதப்படாமலிருந்தது? தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. பதினொரு வருடம் கழித்து, 1968இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராடவேண்டியிருந்தது. 'முதலில் மொழியுரிமை, சாதி பிறகு' என்ற வாதம் அப்போதும் இருந்தது. அது முன்னுரிமையாகக்கூட இருந்திருக்கலாம், எப்போது, எந்தக் கட்டத்தில் என்று யாராவது சொல்லியிருந்தால். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால். கோயிலுக்குள் ஏற்கெனவே நின்றவர்களுக்கு அந்தத் தாமதத்தால் ஒரு சதம் நட்டமில்லை.

பின்னர் 'விடுதலைக்குப் பிறகு' என்ற சொல் வந்தது. பெண்களின் கேள்விக்கும் அதுவே விடை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றிக் கேட்டபோதும் அதுவே விடை. யுத்தத்தின் நடுவே சில கேள்விகள் பின்னுக்குப் போவது தவிர்க்கமுடியாதது என்று வாதிடுவோரோடு பேச இடமுண்டு. ஆனால் 2009 மே மாதத்தோடு அந்தக் காரணம் முடிந்தது. முன்னுரிமை உண்மையானதென்றால் அடுத்த வேலையாக இவை வந்திருக்கவேண்டும். நமது கூட்டங்களிலோ 'இப்போது இதைக் கதைக்கும் நேரமில்லை' என்ற வாக்கியம் காரணத்தை இழந்த பின்னும் அப்படியே உலாவுகிறது. புத்தளத்து முகாம்களில் அந்த முதல் வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.