‘தகவல் இல்லை’ என்பதும் பதில்தான்

2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தை ரத்து செய்தார்கள். எழுத்துபூர்வமாகப் பதில் பெறும், நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் மட்டும் தப்பின. பொதுமுடக்கத்தின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றியும் அவர்களின் குடும்பங்களுக்கான இழப்பீடு பற்றியும் மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்று அடுத்த வரியில் கதையை முடித்தது. நான்கே நாளில், அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் தந்தார் ரயில்வே அமைச்சர். ஒரு அமைச்சகம் கையை விரித்த விஷயத்தில் இன்னொன்றிடம் எண்ணிக்கை இருந்திருக்கிறது. இரண்டு பதில்களும் அவைப் பதிவில் இருப்பதால்தான் இன்றைக்கும் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

அமைச்சரை நேருக்கு நேர் மடக்கத் துணைக் கேள்வி கேட்க முடியாதபோது இந்தக் காகிதத்தால் என்ன பயன் என்பார்கள். நியாயமான ஐயம்தான். 1957-இல் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் எல்.ஐ.சி. செய்த முதலீடு பற்றி மக்களவையில் எழுந்த கேள்விகள், மறு ஆண்டு நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பதவி விலகலில் போய் முடிந்தன. அவையில் விடாமல் துருவியதற்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் மக்களவையில் ஒரு நாளுக்குப் பட்டியலிடப்படும், அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய 20 நட்சத்திரக் கேள்விகளில் பேச்சுக்கு வருபவை சிலவே. மீதிக்கும் எழுத்தில்தான் பதில். எழுத்துக் கேள்விகளோ நாளொன்றுக்கு 230 வரை போகலாம். கூச்சலில் அவை முடங்கினாலும் அவற்றுக்கான பதில்கள் மேசைக்கு வந்துவிடும்.

நழுவும் வித்தையும் அமைச்சகங்களுக்குத் தெரியும். உறுப்பினர் (அ), (ஆ), (இ) எனப் பிரித்துக் கேட்டதை ‘(அ) முதல் (இ) வரை’ என ஒன்றாகக் கட்டி, திட்டத்தின் பெருமையை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிடுவார்கள். கேட்ட எண் மட்டும் இருக்காது. ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்பது இன்னொரு வழி. இதில் ஒரு பிடி இருக்கிறது: அந்த வாக்கியம் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கலாம். அவகாசத்தை நீட்டி நீட்டி ஆண்டுக்கணக்கில் கிடப்பவையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்களின் பதவி பறிக்கப்பட்ட கதையும் உண்டு. அதற்காகக் கேள்விகளைக் குறைப்பது தவறு. யார் பெயரில், எந்த நாளில், எதைப் பற்றிக் கேட்கப்பட்டது என்பது பதிவில் இருக்கிறது. யாருக்காகக் கேட்கிறார் என்று தேடுபவருக்கு முதல் தடயமே அதுதான்.

தொகுதி மக்களின் வேலை இங்கே தொடங்குகிறது. ‘எங்கள் பகுதியில் குடிநீர்ப் பிரச்சினை’ என்று எம்.பி.க்கு மனு கொடுத்தால் அதை அப்படியே கேள்வியாக்க முடியாது. மத்திய அரசின் எந்தத் திட்டம், எந்த மாவட்டம், எந்த நிதியாண்டு, ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று குறுக்கிக் கொடுங்கள். கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். முன்னறிவிப்புக்கே முழுதாகப் பதினைந்து நாள் தேவை என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடுவது வீண். பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் வந்ததும், அதே விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டும் முரண்பட்டால் ஆவணங்களோடு எம்.பி.யிடம் திரும்பப் போங்கள். அமைச்சர் தந்த தகவல் தவறு என்று சபாநாயகருக்கு எழுத, சபாநாயகரின் 115-ஆவது நெறிமுறை எம்.பி.க்கு வழி தருகிறது.