புதிய பள்ளிக்குச் செல்லும் சிறப்புக் குழந்தை

காதுகேளாத, திக்கிப் பேசும் ஒருவரை மக்கள் இயேசுவிடம் கொண்டுவந்தார்கள். ஆண்டவர் முதலில் அவரைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் சென்றார் (மாற்கு 7:33). பிறகு, அவருக்குப் புரியும் விதமாகத் தொட்டுக் குணமாக்கினார்.

ஜூன் மாதம் புதிய பள்ளியில் கால்வைக்கும் சிறப்புக் குழந்தைக்கும் இந்தப் பரிவு தேவை. ஆட்டிசம் உள்ள பிள்ளையை மணியோசையும் கூட்டமும் மிரளச் செய்யலாம். ஆகவே பள்ளி திறக்கும் முன்பே, ஆளில்லாத நேரத்தில் வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டுங்கள். அவற்றைப் படமெடுத்து வீட்டில் அடிக்கடி பார்க்கச் செய்யுங்கள். பிள்ளைக்கு எது பயம், எது ஆறுதல், தன் தேவையை எப்படித் தெரிவிக்கும் என்பதை ஒரே தாளில் எழுதி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள்.

பெற்றோரே, இடம் கேட்கத் தயங்க வேண்டாம். அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். சட்டம் சொல்வதற்கு முன்பே நற்செய்தி நமக்குச் சொல்லிவிட்டது.

அந்த மனிதர் தானாக இயேசுவிடம் வரவில்லை, பிறர் கொண்டுவந்தார்கள். நம் பங்கிலும் ஒரு தாய் தனியாகப் பள்ளி வாசலில் நிற்கலாம். அவரோடு உடன் செல்வோமா?