காரில் ஒலி கரகரப்பதேன்?

பெஹாலாவில் டயமண்ட் ஹார்பர் சாலையின் இரைச்சலை வெல்ல எண்ணி, காரில் நாகசுர இசையை உரக்க வைக்கிறோம், ஒலி கரகரக்கிறது. உடனே ஸ்பீக்கரைப் பழிப்பது முறையன்று. ஆம்ப்ளிபையரை நிறுத்திவிட்டு, அதில் இடம், வலம் ஸ்பீக்கர்களின் கம்பிகளை மாற்றிப் பூட்டுவோம். கரகரப்பும் பக்கம் மாறினால் ஸ்பீக்கர் குற்றமற்றது. மாறாவிடில் பழுது அதிலோ அதன் கம்பியிலோதான்.

இருபுறமும் கரகரத்தால்? சப்வூபர் இருக்கையில் தவிலின் மந்த ஒலியைக் கதவிலுள்ள சிறு ஸ்பீக்கர்களின் தலையில் சுமத்தலாகாது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதைச் சப்வூபருக்கே விட்டுவிடல் வேண்டும். ஆம்ப்ளிபையரின் கெயின் குமிழோ ஓசையைக் கூட்டுவதற்கென்று அமைந்ததன்று. அதை மிகுதியாகத் திருப்பினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு கரகரக்கும். நீடித்தால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருளே கருகும். அதைக் குறைத்துப் பார்ப்பதற்குச் செலவில்லை. வங்கத்து மழைக்காலத்தில் இணைப்புமுனைகளில் களிம்பு ஏறுவதும் உண்டு, அதையும் துடைத்துவிடலாம்.