சீட்டைக் கவிழ்க்கும் கணக்கு

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் வந்தவர்களுக்குச் சீட்டுக்கட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூன்று நாள் கடல். பங்க் வகுப்பில் போர்வையை விரித்தால் ரம்மிக்கு ஆள் சேர்ந்துவிடும். ஸ்கூட் 20, மிடில் 40, ஃபுல் 80 என்பதெல்லாம் நம்மவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பிள்ளைகள் இப்போது கேட்பது போக்கரைப் பற்றி. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஆடும் வித்தை என்று நினைத்திருக்கிறார்கள். அடிப்படை முகமல்ல, கணக்கு. மோசமான கையை ஸ்கூட் விடத் தெரிந்தவருக்குப் போக்கரில் பாதி வந்துவிட்டது. தெரியாதவர்கள் கைபேசியில் பணம் கட்டி ஆடி, கடனில் மூழ்கி, தமிழ்நாட்டில் உயிரையே விட்டார்கள். 2022-இல் அங்கே இணைய ரம்மிக்கும் போக்கருக்கும் தடைச்சட்டம் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டும் திறமை ஆட்டங்களே என்று விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் நாடு முழுவதும் தடைசெய்தது. நம் தீவுகளும் அதில் அடக்கம்.

அதனால் வீட்டில் காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

52 சீட்டு, ஜோக்கர் கிடையாது. ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் 3, பிறகு 1, கடைசியில் 1 எனத் திறப்பார்கள். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், அல்லது கவிழ்த்து ஒதுங்கலாம். மூணு சீட்டு ஆடியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே சீக்வென்ஸ் கலரை வெல்லும், போக்கரில் கலர்தான் பெரிது.

இனி கணக்கு. கையில் இரண்டும் ஆட்டின். நடுவில் திறந்த நான்கில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒன்று வந்தால் கலர். 13 ஆட்டினில் 4 தெரிந்துவிட்டன, மிச்சம் 9. நாம் பார்க்காத சீட்டு 46. ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 100 கொட்டை கிடக்கிறது; தொடர 20 கேட்டால் போடலாம். 50 கேட்டால் கவிழ்க்க வேண்டியதுதான்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பெண் அரைமணியில் பிடித்துக்கொண்டாள். "அப்ப பாதிக்கு மேல கவிழ்க்கத்தானேப்பா வேணும்?" என்றாள். ஆமாம் என்றேன். எதிராளி வெறும் கையோடு பந்தயத்தை ஏற்றினால் என்ன செய்வது என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.