அத்தியும் பேயத்தியும்

காஞ்சி வரதராஜர் ஆலயத்தில் 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அத்திவரதர் சேவை நடைபெற்றது. அனந்தசரஸ் திருக்குளத்தின் நீரடியில் நாற்பது ஆண்டுகள் பள்ளிகொண்டிருந்த அத்திமரத் திருமேனியைச் சேவிக்க ஜனங்கள் லக்ஷக்கணக்கில் திரண்டனர். அவர்களில் அத்தி மரம் இன்னதென்று வழியோரத்தில் சுட்டிக்காட்டக் கூடியவர் எத்தனை பேர் இருப்பர்? வரதரை அறிந்த நாம் அவர் திருமேனியான மரத்தை அறியாதிருப்பது வருந்தத்தக்கதே.

அத்தி, ஆல், அரசு, இத்தி ஆகியவை தோற்றத்தில் வேறுபட்டாலும், தாவர சாஸ்திரிகள் அவற்றை ‘பைகஸ்’ என்னும் ஒரே பேரினத்தில் வைக்கின்றனர். உஷ்ணப் பிரதேசங்கள் எங்கும் பரவிய இப்பேரினத்தில் ஏறத்தாழ 850 இனங்கள் உண்டு. இவை யாவற்றுக்கும் பொதுவானது பூவின் அமைப்பு. அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்லுகிறோமே, அம்மரம் பூக்காமலில்லை. காய் என்று நாம் கருதும் உருண்டையின் உள்ளேதான் பூக்கள் திரளாக மலர்கின்றன. நுண்ணிய குளவியொன்று நுனித் துவாரத்தின் வழியே உட்புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. நம் ஊர்த் தறிகளுக்குப் பட்டு நூல் தரும் புழு தின்னும் முசுக்கட்டையும் இவற்றின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இப்பெருங்கூட்டத்தைப் பிரித்து வகுப்பதுதான் பெரும்பாடு. 1753இல் லின்னேயஸ் அத்திக்குச் சாஸ்திரப் பெயரிட்டபோது, மலையாள நாட்டு வைத்தியர்களின் உதவியால் வான் ரீட் தொகுத்த மலபார்த் தாவர நூலை ஆதாரமாகக் கொண்டார். 1678இல் வெளிவரத் தொடங்கிய அந்நூலில் அத்தியாலு என்னும் நாட்டுப் பெயரே காணப்படுகிறது. பின்னர் ஹாலந்து தேசத்து மிக்கேல் 1840களில் இக்குடும்பத்தைப் பல பேரினங்களாகப் பாகம் பிரித்தார். இருபது ஆண்டு சென்ற பின் 1867இல் தாமே அத்தீர்ப்பை ரத்து செய்து, பங்காளிகளை மீண்டும் ஒரே வீட்டில் சேர்த்தார். நியாயஸ்தலங்களில் இவ்வளவு நேர்மையை நாம் அதிகம் கண்டதில்லை.

கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் கிங் 1887-88இல் ஆசிய இனங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இலை ஏமாற்றும், உட்பூவே சான்று என்பது அவர் கொண்ட வழி. அவ்வழியில் அத்தி ஒரு பிரிவிலும், ஆற்றோரங்களில் சொரசொரப்பான இலையுடன் வளரும் பேயத்தி வேறொரு பிரிவிலும் சென்றன. சிங்கப்பூர்த் தோட்டத்தில் பணியாற்றி, குரங்குகளைப் பழக்கி மரவுச்சியிலிருந்து கிளை பறிப்பித்த கார்னரும் 1965ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டையும் தனித்தனியே வைத்தார். காரணம் இல்லாமலில்லை. அத்தியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே காய்க்குள் உள்ளன. பேயத்தியிலோ விதை தரும் மரம் ஒன்று, மகரந்தமும் குளவியும் தரும் மரம் வேறொன்று.

ஆயினும் இவ்விரண்டிலும் நுழையும் குளவிகள் வெவ்வேறாயினும் ஒரே குலத்தவை. 2000இல் வைப்லன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மரபணுச் சான்றுகளை வெளியிட்டார். அவற்றைத் தழுவி, பெர்க் என்னும் டச்சு அறிஞர் தம் பகுப்பைத் திருத்தினார். 2005இல் கார்னர் பெயரோடு தம் பெயரும் பொறித்து வெளியிட்ட நூலில், அத்தியும், பேயத்தியும், பண்டை எகிப்தியர் சவப்பேழை செய்த சிக்கமோரும் ஒரே உட்பிரிவில் அமர்ந்தன. ஆலும் அரசும் வேறு உட்பிரிவில் நின்றன. பேயத்தி என்று பெயரிட்ட நம் முன்னோர் இவ்வுறவை எப்போதோ கண்டு விட்டனர்.

இதனால் தமிழ்ப் பெயர் யாவும் சாஸ்திரமே என்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை. பூவரசு அரசின் இலையைப் போன்ற இலை உடையது, ஆனால் பருத்திக்கும் செம்பருத்திக்கும் உறவு. இத்தி, கல்லால் என்னும் பெயர்களோ ஊருக்கு ஊர் மாறி வெவ்வேறு மரங்களைச் சுட்டுகின்றன. நாட்டுப் பெயரைச் சாட்சியாக அழைக்கலாம், குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கலாகாது.

ஆனால் அச்சாட்சியை அழைப்பாரே அரிதாயிருப்பதுதான் நம் குறை. கலாசாலையில் தாவர நூல் கற்கும் மாணவன் லத்தீன் பெயரை ஒப்பிக்கிறான், தன் பாட்டி அம்மரத்தை என்ன பெயரிட்டு அழைத்தாள் என்பதைக் கேட்டு எழுதுவதில்லை. கேட்டு எழுதாத பெயர் அவளோடு போகிறது. காஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆலும் அரசும் அத்தியும் எங்கெங்கே நிற்கின்றன, அவற்றை அவ்வூரார் எப்பெயரால் வழங்குகின்றனர் என்பதைப் பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு பட்டியலாக எழுதுவிக்கலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஒவ்வொரு மரத்தின் காயையும் இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்து எழுத வேண்டும், அவ்வளவே. அடுத்த அத்திவரதர் சேவை 2059இல் வருகிறது. அதற்குள் பட்டியல் முடிய வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. வரும் பள்ளியாண்டில் தொடங்கினால் போதும்.